ஆளுக்கொரு உம்

டாண்டினாங், லான்ஸ்டேல் தெரு.
ஆப்கான் ரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் இடையில்
எங்கள் அச்சகம்.
ஜூலை மாதம். ஹீட்டர் காலையிலிருந்து
சூடாகப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

லக்சிகா வந்தாள், ஆஸ்பத்திரிச் சீருடையில்,
கழுத்து அட்டையைக் கழற்ற மறந்து.

அவளுடைய கல்யாண அழைப்பிதழைச் செய்தவன் நான்.
செப்புத் தகட்டில் செதுக்கியது போன்ற எழுத்துரு அது.
ஏறும்போது மயிரிழை, இறங்கும்போது தடிப்பு,
பேனாவைத் தூக்காமல் எழுதியதாக ஒரு பாவனை.
அவள் பெயரின் முதல் எழுத்து 'எல்'.
அதன் வாலை
ரொஷாந்தின் 'ஆர்' காலடி வரைக்கும் நீட்டிக்கொண்டுபோக
எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.
நடுவில் அந்த 'அண்ட்' குறி:
வெயிலில் படுத்த பூனை
முதுகை வளைத்து ஒருமுறை நெளிந்த மாதிரி.
அதற்காகவே நூற்றிருபது டாலர் கொடுத்து வாங்கியிருந்தேன்.

"நடக்கேல்ல" என்றாள்.
"இருநூறு கார்ட் வேணும், நடக்கேல்ல எண்டு சொல்ல.
அதே தாள், அதே எழுத்து.
கவர் எல்லாம் வீட்டில சும்மா கிடக்குது.
ஆக்கள் டிக்கெட் போட்டிட்டினம், கெதியாத் தாங்கோ."

எதற்காக என்று அவளும் சொல்லவில்லை.
நானும் காகிதக் கனத்தை மட்டும் கேட்டேன்.

இந்த எழுத்துக்குக் கெட்ட செய்தி சொல்லத் தெரியாது.
'ரிக்ரெட்' என்று அடித்தால்
'ஜி' கீழே இறங்கி ஒரு சுழி சுற்றி
வாங்கோ, இருங்கோ என்கிறது.

'எல்' இப்போது தனி.
வால் மட்டும் பழைய ஞாபகத்தில்
வெள்ளைத் தாளுக்குள் போய்க்கொண்டிருந்தது.
வாலில்லாத 'எல்' ஒன்றும் உண்டு,
மாற்று வடிவங்களில் மூன்றாவது.
போட்டுக் காட்டினேன்.
"பேன் எண்டு தலைமுடி வெட்டின மாதிரி இருக்கு.
முந்தினதையே விடுங்கோ."

பின்பக்கம் தமிழ்.
அங்கே எழுத்துகள் கை கோத்துக்கொள்வதில்லை,
அடுத்ததன் மேல் சாய்வதில்லை.
நடுவில் நின்று இரண்டு பேரையும் பிடித்துக்கொள்ள
ஒரு குறியும் இல்லை.
லக்சிகாவும் ரொஷாந்தும் என்று
ஆளுக்கொரு 'உம்'மைத்
தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவனைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.
அவனுடைய 'உம்' அவனோடு போனது.
திரையில் மிச்சம்:
லக்சிகாவும்

அதையும் நீக்கக் கர்சரைக் கொண்டுபோனேன்.
"பொறுங்கோ" என்றாள்.

தெருவில் ஒரு பஸ் நின்று, கதவு திறந்து, போனது.
லக்சிகாவும்.
ஏதோ பயணத்துக்குப் பெயர் எழுதும்போது
யாரோ கடைசியில் நினைத்துக்கொண்டு
சேர்த்த பெயர் போல இருந்தது.
அவள் வாயசைத்து ஒருமுறை வாசித்தாள்.
ஏனோ சிரித்தாள்.
"சரி, அழியுங்கோ."

பில்லை எப்போதும்போல் வெறும் எழுத்தில் அடித்தேன்:
தாள், மை, ஜிஎஸ்டி.
வடிவமைப்புக்குப் பூச்சியம் போட்டதை
அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தாள்.

ஆறு மணிக்கு அட்டைகளை அடுக்கி
வெட்டும் இயந்திரத்தில் வைத்தேன்.
இருநூறு 'எல்'களின் வாலும்
கத்தி விழும் கோட்டுக்கு
ஒரு மில்லிமீட்டர் முன்னால்
மெலிந்து நின்றது.