அமானிதம், பதினாறு பைட்டு

கீழக்கரையில் கரண்ட் போனால்
முதலில் மின்விசிறி நிற்கும்,
அப்புறம் தெருவே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும்.
என் மடிக்கணினி இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும்.
அதற்குள் ஒரு இயந்திரம்,
அந்த இயந்திரத்துக்குள் இன்னொன்று.
உள்ளே இருப்பதற்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது.

விருந்தாளி என்போம் அதை, எங்கள் வேலையில்.
வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு
செருப்பைக் கழற்றும்போதே இது யார் வீடென்று தெரியும்.
இதுவோ முழு வீடும் தனதென்று நம்பி
அதிகாரமாய்ச் சொல்லும்:
இந்தச் சாவியால் இந்தக் கட்டியைப் பூட்டு.

சொன்னது செயலியைச் சேராது.
பாதியில் பிடித்து என்னிடம் தருவார்கள்;
என்னிடம் என்றால், நான் எழுதிய
நூற்றெழுபது வரிகளிடம்.
நீட்டிய கை நீட்டியபடி
விருந்தாளி உறைந்து நிற்கும்.
அதன் கடிகாரமும் என் பிடியில்தான்,
அதனால் காத்திருந்ததாகவே அதற்குத் தோன்றாது.

இதைக் கேட்க உனக்கு உரிமை உண்டா?
அதுதான் முதல் வேலை.
பிறகு முகவரி.
அது சொல்லும் முகவரியில் யாரும் குடியில்லை.
எங்கள் தெருவில் ஏழு ஹபீப் முகம்மது;
கூரியர் பையன் வீட்டுப்பெயர் கேட்டு, மாடியைக் கேட்டு,
கடைசியில் எனக்கே போன் செய்வான்.
அப்படித்தான் நானும் அலைந்து
நிஜப் பக்கத்தைக் கண்டுபிடித்து,
பூட்டி,
முடிந்தது என்று ஒரு குறி வைத்து,
நான்கு பைட்டு முன்னே தள்ளி
போ என்று விடுவேன்.

போன கச்சானில் ஒருநாள்
அந்த நான்கு பைட்டைத் தள்ள மறந்துபோனேன்.
ஒரே கட்டியை முப்பது லட்சம் தரம்
பூட்டச் சொல்லி நின்றது விருந்தாளி,
ஒரு தரமும் சலிக்காமல்.
அதைச் சொல்லிச் சிரித்தோம். அது வேறு.

இது சிரிக்கிற விஷயமில்லை.
புதன்கிழமை இரவு இரண்டரைக்கு
நாகர்கோவிலிலிருந்து ஜெபசிங்:
“முஃபீதா, லாக்கைப் பாத்தியா மக்கா?”
பார்த்தேன்.
சோதனைக்கென்று ஒரு வரி போட்டிருந்தேன்,
வந்ததை அப்படியே எழுதிக் காட்டும் வரி.
எடுக்க மறந்த வரி.
ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் சாவி
பதினாறு பைட்டும் பச்சையாய்க் கிடந்தது,
கோப்பில், நேரம் தேதியோடு.

வரியை எடுத்தேன். கோப்பை அழித்தேன்.
நினைவகத்தில் சாவி தங்கிய இடத்தை
சைபர் போட்டுத் துடைக்கச் சொல்லித்தானே எழுதியிருந்தேன்?
போய்ப் பார்த்தால் அந்த வரியே இல்லை.
இனி யாரும் படிக்காத இடத்தைத் துடைப்பானேன் என்று
கம்பைலர் சிக்கனமாய் நீக்கியிருந்தது.
அதற்குத் தெரிந்த நியாயம்.
கட்டாயம் துடை என்று
வேறு வார்த்தையில் எழுத வேண்டியிருந்தது.

ஜமீமா லாத்தா கொழும்பு போகுமுன்
முடிந்த துணி ஒன்றை என் அலமாரியில் வைத்தாள்.
அமானிதம், என்றாள்.
தூசி தட்டும்போது கனம் தெரிந்தது,
அதோடு சரி.
முடிச்சைத் தொடவில்லை.
ஏழு மாதம் கழித்து வாங்கிப்போனாள்.

விடியுமுன் ஆஸ்பத்திரிக்காரருக்கு எழுதினேன்:
உங்கள் சாவி என் தவறால் வெளியே தெரிந்தது,
மாற்றிவிடுங்கள்.
“நான் பார்த்தேன்” என்று தனியாக ஒரு வாக்கியம்.
அதை எடுத்துவிடலாமே என்றான் ஜெபசிங்.
எடுக்கவில்லை.
டோக்கன் வாங்கிய வள்ளங்கள்
ஜெட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தன அப்போது.
கரண்ட் வந்து மின்விசிறி சுற்றியது.
உள்ளே இருந்தது தன் அடுத்த கட்டியைக் கேட்டது,
இடையில் ஒரு நொடியும் போகாதது மாதிரி.

பூட்டை மாற்றிவிட்டார்கள், நல்லது.
ஏடிஎம் எண் எனக்கு மாதம் ஒருமுறை மறக்கும்.
இந்தப் பதினாறு மட்டும்
மீன் கழுவும்போது, பல் துலக்கும்போது
வரிசை மாறாமல் வருகிறது,
எதையும் திறக்காத சாவி.