வழுவமைதி

வெள்ளி நள்ளிரவு வெளியீடு.
இன்று புதன். அறுபத்து மூன்று டிக்கெட் திறந்து கிடக்கின்றன.
ப்ர்னோ நகரில் மார்ச் மாதம்.
நாலாம் எண் டிராம் திருப்பத்தில் கிறீச்சிடும்போதெல்லாம்
மேசைமேல் கோப்பை நடுங்கும் வாடகை அறை.
சம்பளமில்லாத வேலைக்காக
சம்பளமுள்ள வேலையில் விடுப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே வெப்பமானி மாட்டியிருப்பவர்கள்
அளவுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்க
ஒன்பது பேர் எழுதும் மென்பொருள்.
ஒன்பதில் நால்வர் பதில் போடுவதில்லை.
ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

பிரித்துப் போடுகிறேன்.
இதுவும் அதுவும் ஒன்றேதான், மூடு.
இது அவர் வீட்டில் கழன்ற கம்பி, மூடு.
இது நிஜம், இன்றே.
இதுவும் நிஜம், ஆனால் அடுத்த பதிப்பில்.
அடுத்த பதிப்பு என்பது பரண்.
ஏற்றியது எதுவும் இறங்கியதாகச் சரித்திரமில்லை.
“எதுவுமே வேலை செய்யவில்லை” என்று
ஒற்றை வரி எழுதியவரிடம்
எது, எப்போதிருந்து, எந்தக் கணினி என்று
மருத்துவமனை வரவேற்பாளர் குரலில் கேட்கிறேன்.
இனி அவர் வர மாட்டார்.

வியாழன் மாலை, பத்தொன்பது.
ஒஸ்த்ராவாவிலிருந்து வெண்டெலின் அழைத்தான்.
“பழசில் கை வை. ஒன்பது வருஷமாய் ஒன்று
தூசி தின்றுகொண்டிருக்கிறது. தீர்த்துக் கட்டு.”

எண் இருநூற்றுப் பன்னிரண்டு:
“பூஜ்ஜியத்துக்கு முன்னால் கழித்தல் குறி காட்டுகிறது.
மைனஸ் பூஜ்ஜியம் என்று ஒரு குளிர் உண்டா?
கணக்குத் தெரியாதவர்கள் ஏன் நிரல் எழுதுகிறீர்கள்?
இதையெல்லாம் யாராவது படிக்கிறீர்களா?”
கீழே, ஹெட்விகா.
நான்தான்.
இருபத்தொரு வயதில் எனக்கு
இத்தனை வாய் இருந்திருக்கிறது.

படித்துத்தான் இருக்கிறார்கள்.
திருத்தும் மூன்று வரியைக்கூட யாரோ இணைத்திருக்கிறார்கள்.
அப்புறம் குறி வேண்டும், வேண்டாம் என்று பதினான்கு பதில்,
பாதிக்குமேல் கோபம்.
பதினைந்தாவது, இரண்டு வருஷம் முந்தையது:

“வெல்கே பாவ்லோவிட்சேயிலிருந்து ஷெவெலா.
நானூறு ஆப்ரிகாட் மரம் வைத்திருக்கிறேன்.
எனக்குக் கணினி வராது, மகள் தட்டச்சுகிறாள்.
ஏப்ரலில் மரம் பூத்திருக்கும்.
ராத்திரி பூஜ்ஜியம் காட்டினால் புரண்டு படுப்பேன்.
முன்னால் அந்தச் சின்னக் கோடு வந்தால்
எழுந்து போய் வரிசை வரிசையாக நெருப்பு வைப்பேன்.
கோட்டை எடுத்துவிடாதீர்கள்.”

யாரும் பதில் போடவில்லை.
நானும்தான்.

தசமம் மூன்று கீழே இறங்கினால்
முழுமையாக்கும்போது பூஜ்ஜியம்தான்.
எனக்கு அது தெரியும்.
பூவுக்குத் தெரியாது.

மூன்று வரித் திருத்தம் தயார், சோதனைகள் எல்லாம் பச்சை.
ஓர் அழுத்தல், எண்ணிக்கை பதினெட்டாகும்.
மூடுவதற்குக் காரணம் கேட்டது பெட்டி:
திருத்தப்பட்டது.
திருத்த மாட்டோம்.
மீண்டும் நிகழவில்லை.
வழுவே அல்ல.
நாலும் பொய். வழுதான்,
இருக்கட்டும் என்கிற வழு.
அதற்கொரு சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

கோடு இருந்தே தீர வேண்டுமென்று
புதிதாக ஒரு சோதனை எழுதினேன்.
‘ஷெவெலா தோட்டம்’ என்று பெயர் வைத்தேன்.
பழைய திருத்தம் அதில் மோதிச் சிவந்தது.
“பெயர் வைக்கிற முறையா இது?” என்றான் வெண்டெலின்.
முறையில்லைதான் என்றேன். ஒப்புதல் கொடுத்துவிட்டான்.

ஹெட்விகாவுக்கு எழுதினேன்:
புகாருக்கு நன்றி, படித்தோம்.
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.
அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளி, பதினொன்று நாற்பது.
மிச்சமிருந்த ஐந்தைப் பரணில் ஏற்றிவிட்டு
வெளியிட்டோம்.
நால்வரில் ஒருவர் கட்டைவிரல் உயர்த்தினார்.

ஷெவெலாவுக்கும் ஒரு வரி போட்டேன்:
கோடு இருக்கும்.
மகள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாளா,
தெரியாது.