திருக்கை விளக்கு

பாசையூர்ச் சந்தையில் விடிய ஐந்தரைக்கு
சீமெந்துத் தரையில் கிடந்தது திருக்கை.
விலை கேட்டேன்.
"கறிக்கோ?" என்றாள் விற்கிறவள்.
"இல்லை, அளவெடுக்க."
கத்தியை ஒருக்கால் துடைத்துவிட்டு
"அளவுக்கு நூறு ரூவா தா" என்றாள்,
சிரிக்கவேயில்லை.
கொடுத்தேன்.
செட்டைக்குச் செட்டை இரண்டு முழம்.

கொழும்புத்துறையில்
கார் இல்லாத ஒரு கார்க்கொட்டிலில்
செப்புத் தகட்டை மணல்மூட்டையில் வைத்து
பதினொரு நாள் தட்டினேன்.
தட்டத் தட்டச் செம்பு இறுகும்.
நெருப்புக் காட்டினால்
பிடிவாதம் விடும், கொஞ்ச நேரத்துக்கு.
முதுகில் புள்ளிகள் துளைத்தேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியது நானில்லை.
துளைக்கிற சத்தத்தில் படிக்க ஏலாமல்
பக்கத்து வளவு லக்சாயன்
மதிலில் ஏறியிருந்து எண்ணினான்.

வால்தான் வயர்.
மறைக்கத் தேவையில்லாத ஒரு வயருக்காகவே
திருக்கையைத் தெரிந்தேன் என்று
ஆரும் கேட்டால் சொல்ல வைத்திருந்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

கன்னாதிட்டியில் இரண்டு நகைக்கடைக்கு நடுவில்
ஒரு கதவின் அகலம்தான்
அருளப்புவின் மணிக்கூடு திருத்தும் கடை.
"வடிவாய் இருக்கவேணும்.
விளக்காயும் இருக்கவேணும்" என்று
அவர் சொன்னதில்
முதற்பாதியைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

கொழுவினேன். திருக்கை நீந்தியது.
சுவரெல்லாம் புள்ளி வெளிச்சம்,
நின்றுபோன மணிக்கூடுகள்
கடலடியில் கிடப்பதுபோல.
நகைக்கடைப் பிள்ளைகள் வந்து படமெடுத்தார்கள்.
ஒருத்தி விலை கேட்டாள்.
ஒருத்தி, இதைத் தூசி தட்டுறது எப்படி என்றாள்.
அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் தொலைபேசி.
"தங்கச்சி, குறை நினையாதை.
உன்ரை மீன் வடிவுதான்.
திருகாணியைத்தான் காணேல்லை."

போய் அவருடைய கதிரையில் இருந்தேன்.
வில்லையைக் கண்ணில் இடுக்கி
சாமணத்தால் ஒரு மயிர்ச்சுருளைத் தூக்கினேன்.
ஒவ்வொரு சுற்றும் தெரிந்தது.
"எனக்குத் தெரியுதே."
"உனக்குத் தெரியும்" என்றார்.
எழும்பினேன். அவர் இருந்தார்.
சாமணத்தை எடுத்தார்,
இடக்கையால்.

இடது செட்டையை உயர்த்தி, வலதைத் தாழ்த்தி
வெளிச்சம் இடப்பக்கத்தால் விழ
வளைத்தவள் நான்.
என் கையை மட்டும் அளவெடுத்திருக்கிறேன்.
அவருடைய கை தன் நிழலைத் தானே
மணிக்கூட்டுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு இரவு அரத்தை எடுப்பதும் வைப்பதும்.
வேறு விளக்கொன்று செய்து குடுக்கலாம்,
இதைக் கொழும்பில் ஒரு ஹோட்டலுக்கு விற்கலாம்,
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
அது ஒருவருக்கும் உதவாமல் வடிவாய் இருக்கும்.
கணக்கும் போட்டுப் பார்த்தேன், நல்ல காசு.

மூன்றாம் இரவு வெட்டினேன்.
வலது செட்டையில் பாதி.
வெட்டிய துண்டுக்கு வெள்ளீயம் பூசி
மினுக்கி, குமிழுக்கு இடப்பக்கம் பொருத்தினேன்.
செம்பின் சிவப்புப் போய்
வெள்ளை வெளிச்சம்
வலப்பக்கத்தால் மேசைக்கு இறங்கியது.
"அறுபத்து மூன்று ஓட்டை நட்டம்" என்றான்
மதிலில் இருந்தவன்.

திரும்பக் கொழுவியபோது
அருளப்பு அண்ணாந்து பார்க்கவில்லை.
குனிந்து, ஒரு திருகாணியை எடுத்து
அதன் இடத்தில் வைத்தார்.
பிறகுதான் கேட்டார்:
"செட்டை குறைஞ்சிட்டுது, காசும் குறையுமோ?"
"வெட்டுக்கூலி கூடும்" என்றேன்,
சிரிக்கவேயில்லை.

கார்த்திகை மழைக்குள் ஒருநாள்
அந்த வழியால் சைக்கிளில் வந்தேன்.
தேத்தண்ணிக்குப் போயிருந்தார் போல, கதிரை வெறுமை.
சுவரில் இப்போது புள்ளிகள் குறைவு.
ஒற்றைச் செட்டை உயர்ந்து
திரும்பப் போகிற மீனின் சரிவில் தொங்கியது.
நான் வரைந்ததில் இந்தத் திரும்பல் இல்லை.
கீழே, மூடி கழற்றிய ஒரு கைமணிக்கூடு.
உள்ளே ஏதோ ஒரு சில்லு
அசைந்ததா என்று
றோட்டில் நின்றே பார்க்க முடிந்தது.
அசைந்தது.