பற்று

மின்தூக்கி செய்து விற்ற குடும்பத்தின் கடைசி மகன்
மாடியே இல்லாத எங்கள் ஊரில்
ஒரு மார்ச் மாதக் காற்றோடு வந்து இறங்கினான்.
லேயாந்த்ரோ என்றான். காபி கேட்டான்.
ஐம்பது யூரோ தாளை நீட்டினான்.
சில்லறை இல்லை என்றேன்.
கல்லாவில் இருந்தது.

வால்தெசார்சாவில் அப்போது நாங்கள் இருபத்துமூன்று பேர்,
நாய்களைச் சேர்த்தால் கொஞ்சம் கௌரவமான எண்ணிக்கை.
ரொட்டி வண்டி செவ்வாயும் வெள்ளியும்.
மருத்துவர் மாதத்தில் ஒரு வியாழன், பனி விழாவிட்டால்.
கூரை இடிந்த வீடுகளில் அத்திமரம் குடியேறி
சன்னல் வழியே தெருவுக்குக் கை நீட்டியது.

முதலில் அந்த வீடுகளை வாங்கினான்.
சரகோசாவில் யார் யாரோ வாரிசுகள்
பத்து வருடமாய் அடித்துக்கொண்ட சுவர்களுக்கு
கேட்டதற்கு மேலே கொடுத்தான்.
பிறகு கூரை. பிறகு குழாய்.
பிறகு நானூறு செம்மறி.
ஆட்டுக்கு முன்பக்கம் எது என்று கேட்கிறவன் என
ப்ரிமித்திவோ என் கடையில் உட்கார்ந்து சிரித்தான்;
மேய்ச்சல் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் சிரித்தான்.

பள்ளிக்கூடம் திறக்க ஐந்து பிள்ளைகள் வேண்டுமாம்.
ஹோண்டுராஸிலிருந்து ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள்.
ருமேனியாவிலிருந்து ஒரு பையன்.
ஐந்தாவதுக்குக் கோடை முழுக்க அலைந்தான்.
கடைசியில் மனைவியைப் பிரிந்த தச்சன் ஒருவன்
பாதி வாரம் மட்டும் தன்னோடு இருக்கும் மகளைக் கூட்டிவந்தான்.
அந்த அரைப் பிள்ளையை அதிகாரி முழுதாகவே எழுதிக்கொண்டார்.
மணி அடித்த காலையில்
ரெஸ்தித்துதா கோழிகளைப் பூட்டிவைத்தாள்,
சத்தத்துக்கு மிரளுமாம்.
தான் மட்டும் வேலியோரம்
பதினோரு மணி வரை நின்றாள்.

நாங்கள் அவனை வெறுக்கவில்லை.
நேசித்தோம் என்றும் சொல்ல மாட்டேன்.
கொடுத்துக்கொண்டே இருப்பவனை எங்கே உட்காரவைப்பது?
சீட்டாட்டத்தில் எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள்.
அவன் ஜெயித்தான், ஜெயித்தான்,
தனியாக வீட்டுக்குப் போனான்.
சதுக்கத்துக்கு அவன் அப்பா பெயரை வைக்கலாமா என
மேயர் கேட்டபோது அவனே வேண்டாம் என்றான்.
எனக்கு அன்று நிம்மதி. ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

ஏழாம் வருடம் அண்ணன்கள் வழக்குப் போட்டார்கள்.
பனிக்கு முன் கடிதம் வந்தது,
பனி உருகுவதற்குள் பணம் நின்றது.
இருநூறு ஆடுகள் லாரி ஏறின.
தச்சன் போனான், அரைப் பிள்ளையும் போயிற்று;
ஆசிரியை மட்டும் பதிவேட்டில்
ஐந்து என்றே எழுதிவந்தாள்.
இவனும் போய்விடுவான் என்று பந்தயம் கட்டினார்கள்.
நானும் பத்து யூரோ வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான்.
உடம்பெல்லாம் ஆட்டு வாடை, முழங்கையில் கிழிசல்.
இரண்டு ரொட்டி, ஒரு மத்தி மீன் டப்பா
எடுத்துவைத்துவிட்டு
ஒரு பையைத் தடவினான். மறு பையைத் தடவினான்.
கழுத்து சிவந்தது.
சீட்டுப் பிடித்த கைகள் எல்லாம்
அந்தரத்தில் நின்றன.

இழுப்பறையைத் திறந்தேன்.
எண்ணெய்க் கறை படிந்த நீல நோட்டு.
ஊரில் எல்லோருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு,
செத்தவர்களுக்கும் உண்டு,
பாதிரியாருக்கு இரண்டு.
புதுப் பக்கம் திருப்பினேன்.
பெயர் எழுதினேன், நடுவே கோடு கிழித்தேன்,
இடப்புறம் தலைப்பிட்டேன்: பற்று.
அதன் கீழே மூன்று யூரோ நாற்பது.

எப்போது தரவேண்டும் என்றான்.
என்ன அவசரம், என்றேன்,
நீ எங்கே போய்விடப் போகிறாய்.

ப்ரிமித்திவோ காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டான்.
அன்றிரவு நான்கு ஆட்டத்திலும்
அவனை ஈவிரக்கமில்லாமல் தோற்கடித்தார்கள்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்,
எங்கள் ஊர் வார்த்தை,
உச்சரிப்பு கொஞ்சம் பிசகியது.

என் பத்து யூரோவும் போயிற்று.
அதை அவன் பக்கத்தில்தான்
எழுதிவைத்திருக்கிறேன்.