இரண்டு நொடி

கிருஷ்ணகிரியில் ஞாயிறு மாலைக்காட்சி.
முன்வரிசைதான் கிடைத்தது, கழுத்து வலி இலவசம்.
திரையில் ஒரு விண்கல்
பூமியைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தது.
சையத் பாஷா மலையைப் போல் நாலு மடங்கு.
உடைக்க ஏழு பேர் போனார்கள்,
துளை போட்டார்கள்.

ஒரே ஒரு துளை.

பர்கூர் தாண்டி எங்கள் ஜல்லிக் குவாரியில்
வீடு உயரப் பாறைக்கே நாற்பது துளை.
எந்தத் துளை முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்று
முந்தின நாளே நோட்டில் எழுதி
மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.
ஒன்று வெடிக்காமல் நின்றுபோனால்
அரைமணி நேரம் யாரும் கிட்டே போகக்கூடாது.
படத்தில் அவன் உடனே போனான்,
பல்லால் ஒயரைக் கடித்தான்.
என் லைசென்ஸாக இருந்தால் அன்றோடு சரி.

பிறகு வெடித்தது.
தியேட்டரே ஒரு முழம் நகர்ந்தது.
காற்றே இல்லாத இடத்தில் அவ்வளவு சத்தம்,
பூக்கோசு மாதிரி சுருண்டு சுருண்டு புகை.
அங்கே தூசி சுருளாது, ஐயா.
எறிந்த எறிக்கு நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.
சுருள்வதெல்லாம் இங்கேதான்;
சுருண்டு போய்
முனிவெங்கட்டப்பன் தோட்டத்து மாம்பூவில் உட்கார்ந்து
தாலுகா ஆபீஸ் வரைக்கும் இழுக்கும்.

கை தட்டினேன். மறைப்பானேன்.
சத்தமில்லாத வெடிக்கு
நூற்றிருபது ரூபாய் யார் கொடுப்பார்கள்?

பக்கத்து சீட்டில் திம்மராயன்.
கொடி பிடிப்பவன். பிறவியிலேயே காது கேட்காது.
செருப்பைக் கழற்றிவிட்டு
வெறும் பாதத்தைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தான்.
குவாரியிலும் அப்படித்தான்.
வெடிக்கு முன் பூட்ஸைக் கழற்றுவான்,
மாதம் இரண்டு முறை ஃபைன் கட்டுவான்.

வெளியே டீக்கடையில் சொல்ல வந்தேன், சத்தம் தப்பு என்று.
வாயை உப்பி ஊதிக் காட்டினேன், காற்று.
கையை விரித்தேன், இல்லை.
காதைத் தொடப் போய்
விரலைப் பாதியில் மடக்கிக்கொண்டேன்.

அவன் அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.
கண்ணைத் தொட்டான். பாதத்தைத் தொட்டான்.
இரண்டு விரலை ஒன்றாக ஒட்டினான்.
தலையை ஆட்டினான்: தப்பு.
பிறகு கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்து
என்னைக் காட்டினான், தன்னைக் காட்டினான்,
டீ ஆற்றுகிறவரையும் சேர்த்துக்கொண்டான்.

புரிய ஒரு டீ ஆனது.
பார்த்ததும் அதிர்ந்ததும் ஒரே கணம் என்றால்
நாம் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறோம்.
செத்திருப்போம்.

இருபத்தோரு வருஷமாக மருந்து கிட்டிக்கிறேன்,
எனக்குத் தோன்றவில்லை.

கொடிமேட்டிலிருந்து பாறைமுகம்
அறுநூற்று எண்பது மீட்டர்.
முதலில் கண்ணுக்கு வரும்:
நெருப்பெல்லாம் கிடையாது,
பாறை மூச்சு இழுத்த மாதிரி ஓர் உப்பல்.
இமைப்பதற்குள் பாதத்துக்கு வரும், கல் வழியாக.
காதுக்குக் கடைசியில்தான்,
இரண்டு நொடி கழித்து, காற்றோடு தள்ளாடி.
படம் எடுத்தவர்கள்
மூன்றையும் ஒரே இலையில் பரிமாறிவிட்டார்கள்.

திங்கட்கிழமை.
சங்கு ஊதி, ரோட்டை மறித்து,
கொடி ஏறியது.
பாறை உப்பியது.
பாதம் சொன்னது.
அந்த இரண்டு நொடியில் அன்றைக்குத்தான் கவனித்தேன்:
குட்டையோரத்துக் கொக்குகள் எழும்பிவிட்டன.
நடுவில் சோளக்காட்டுக் குருவிகள், இப்போது.
என் காலடியில் புறாக்கள்
ஒன்றுமே நடக்காததுபோல் இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தன.
சத்தம் வருகிற வழி
பறவை பறவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

திம்மராயன் தோளைத் தட்டினேன், பார் என்று.
அவன் குனிந்து
பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.
நிமிர்வதற்குள் புறாக்கள் போய்விட்டன.

என்ன என்று கேட்டான் கையால்.

அடுத்த வெடி வியாழக்கிழமை.