தேய்ந்த நான்கு எழுத்துகள்

படிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டே
உள்ளே வருவார்கள் எல்லாரும்.
உலான்பாத்தரில், மூன்றாம் மாடிக் கடையில்
பழைய மடிக்கணினி விற்கும் எனக்கு
இது பதினோராவது குளிர்காலம்.

விற்க வருகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள்:
"படிப்புக்கு மட்டும்தான். பூப்போல வைத்திருந்தேன்."
விளக்கடியில் விசைப்பலகையைச் சாய்த்துப் பார்ப்பேன்.
டபிள்யூ, ஏ, எஸ், டி.
நான்கு மட்டும் மழுங்கி
எண்ணெய் பூசியதுபோல் மினுக்கும்.
முழுப் பூசணிக்காய்.
சோற்றைக் கிளறவே வேண்டாம்.

ஹொங்கொர்சுல் வந்தது ஜனவரியில் ஒரு செவ்வாய்.
இமையில் உறைபனி,
கையுறைக்குள் நாலாக மடித்த காகிதம்.
நிலவியல், இரண்டாம் ஆண்டு.
எடை இரண்டு கிலோவுக்குள், பேருந்தில் நின்றே போகிறாள்.
மின்கலம் ஐந்து மணி நேரம்,
வகுப்பில் சன்னலோரம் மட்டுமே பிளக்,
அங்கே எப்போதும் யாரோ.
பாறை வரைபடங்கள் திணறாமல் திறக்க வேண்டும்.
கடைசி வரியைக் கட்டைவிரலால் மூடியிருந்தாள்.
நானும் கேட்கவில்லை.

முதலில் எடுத்தது சிவப்பு விளக்கெரிவது.
விசிறி முடுக்கியதும் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.
சார்ஜர் ஒரு செங்கல்.
தூக்கிப் பார்த்தாள், வைத்தாள், பெருமூச்சு விட்டாள்.
அடுத்தது கத்திபோல் மெலிசு, அழகு.
ஒரு வரைபடம் திறந்தது,
இரண்டாவதற்கு வாய் பிளந்து நின்றுவிட்டது.

மேசைக்கடியில் ஒன்று இருந்தது.
மூலையில் நசுங்கல். கீல் உறுதி.
பதினாறு ஜிபி நினைவகம் நானே போட்டது.
ஆனால் அந்த நான்கு எழுத்துகளும்
அடையாளமே இல்லாமல் அழிந்திருந்தன.

பெயரை அடித்துப் பார்த்தாள்.
எங்கள் ஊரில் அப்பன் பெயர் முன்னால் வரும்.
ஒல்சீபயரின் மகள் ஹொங்கொர்சுல்.
அந்த முதல் எழுத்து,
நடுவில் கோடு கிழித்த வட்டம்,
டி-க்கு அடுத்த விசை;
இரண்டு தடவை குத்தினால்தான் எழுந்தது.
"அப்பா ஒட்டிக்கொள்கிறார்,
ஐம்பதாயிரம் துக்ரிக் குறையுங்கள்" என்றாள்.
சிரித்துக்கொண்டேதான், ஆனால் குறையாமல் விடமாட்டாள்.

பிறகுதான் கட்டைவிரலை எடுத்தாள்.
விளையாட்டு: ஒன்றே ஒன்று. படகு.
"இது ஓடுமா?"

ஒல்சீபயர் நிலக்கரி லாரி ஓட்டுகிறார்.
தெற்கு எல்லையில் வரிசை நகர நாலு நாள், சிலசமயம் ஆறு.
ஃபோனில் பேசினால்
சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான்;
அதோடு தீர்ந்துவிடும்.
படகில் ஏறினால் தீராது.
அவர் லாரிக்குள் இருந்து பாய்மரம் இழுக்க
இவள் விடுதியில் இருந்து சுக்கான் பிடிக்க வேண்டும்.
விடுதிக் கணினியில் கடல் கட்டம் கட்டமாக உடைகிறதாம்.
"இடது பக்கம் பாறை என்கிறார்,
எனக்குப் பாறையே வருவதில்லை.
நான் நிலவியல் மாணவி வேறு."

கடல் எந்தத் திசையிலும் இல்லாத நாடு இது.
இருவரில் ஒருவரும் உப்புத்தண்ணீரில் கால் நனைத்ததில்லை.
நானும்தான்.

பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினேன்.
அலை உடையவில்லை.
நிழலையெல்லாம் குறைத்து வைத்தால்
விசிறிகூட முணுமுணுக்கவில்லை.
எண்பதாயிரம் குறைத்தேன்.
ஏன் என்று என் பங்காளி இன்றுவரை கேட்கிறான்.

பையை இறுக்கிக் கட்டும்போது சொன்னேன்:
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
அறைக்குப் போனதும் திறக்காதே.
உள்ளே வியர்க்கும், ஈரம் பட்டால் போச்சு.
இரண்டு மணி நேரம் சும்மா வை.

தலையாட்டிவிட்டுப் போனாள்.
ஏழரைக்கு ஒரு செய்தி:
"இன்னும் எவ்வளவு நேரம்?
அவர் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது."

கடிகாரம் பார்த்தேன்.
பதினெட்டு நிமிடம் பாக்கி.
பதில் அடிக்கையில்
என் விசைப்பலகையில் டபிள்யூ எங்கே என்று
கண் ஒருகணம் தேடியது.