சாட்சிக் கண்ணாடி

செவ்வாய்ப்பேட்டையில், படத்துக்குச் சட்டம் போடும் கடையில்
விரல் அகலத்துக்கு நறுக்கி வாங்கினேன்.
எதுக்கும்மா இத்துனூண்டு, என்றார் கடைக்காரர்.
உடைவதற்கு, என்றேன்.
அவர் சில்லறையைத் தேடிக்கொண்டே இருந்தார்.

ஏற்காட்டுச் சாலை, பதின்மூன்றாம் கொண்டை ஊசி வளைவு.
மலையைத் தாங்கும் சுவரில்
கீழ்மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிறது ஒரு விரிசல்.
நெட்டுக்குத்தாக விழுவது வெயிலின் வேலை.
படுக்கையாக ஓடுவது கொத்தனாரின் அவசரம்.
சாய்ந்து ஏறுவது வேறு:
மேற்பாதியை ஒரு பக்கமும் கீழ்ப்பாதியை மறுபக்கமும்
நகர்த்தப் பார்க்கையில்
கல் அந்தச் சாய்வில்தான் வாய் திறக்கும்.

குறுக்கே வைத்து, இரு முனையிலும் சிமெண்ட் அப்பி,
ஆணியால் தேதி கீறினேன்.
எட்டு, பதினொன்று.

மழை விட்ட இடைவெளியில்
ஓரக்கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் விழுந்த சில்வர் ஓக் இலை
கடைசி பஸ்ஸைப் பிடிப்பது போலப் போனது.
ஓரத்தில் விழுந்தது போகவில்லை, சுழன்றது.
கரைப்பக்கப் பாதியை யாரோ பிடித்துக்கொள்ள
மறுபாதியை யாரோ கூப்பிட.
சுவரைத் தொட்டிருக்கும் தண்ணீர் ஓடுவதில்லை.
எத்தனை வெள்ளம் போனாலும்
அந்த மயிரிழை கல்லோடு நின்றுவிடும்;
அதை உரசிக்கொண்டு அடுத்த இழை
அதையும் உரசிக்கொண்டு அடுத்தது
அப்படித்தான் நடுவில் அந்த வேகம்.
மூன்றாம் செமஸ்டரில் இதை எழுதி
பத்துக்கு ஏழு வாங்கியிருக்கிறேன்.
நம்பி எழுதவில்லை.

வடிகுழாய் பதினொன்றில் ஒன்பது அடைப்பு.
அங்காயி கம்பியை விட்டுக் குத்தினாள்.
செம்மண் குழம்பு, வேர், ஒரு பீர் பாட்டில் மூடி,
பிறகு அவள் முழங்கை நனையத் தண்ணீர்.
"சொவரு ஒண்ணுக்குப் போவாம
அடக்கி வெச்சிருந்திருக்கு மேடம்."

கோட்டப் பொறியாளருக்குக் காலை ஏழு மணிக்குப் படம் போக வேண்டும்.
கண்ணாடி முழுசு. அனுப்புவேன்.
ஒரு கட்டைவிரல் வரும்.
ஒன்பது நாள், ஒன்பது கட்டைவிரல்.

பத்தாம் நாளும் முழுசுதான்.
அங்காயிதான் சொன்னாள்:
"நேத்து நகம் போச்சு. இன்னிக்கு வெரலே போவுது."
தொட்டுப் பார்த்தேன்.
கீழ் முனையில் காரை ஊறிக் கையை விட்டிருந்தது.
சுவர் நகர்ந்திருக்கிறது,
கண்ணாடி மேல்பாதியோடு மட்டும்
கீறல் இல்லாமல், சொகுசாகக் கூடவே போயிருக்கிறது.
இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் உடைந்திருக்கும்.

நானும் இளவழகனும் சண்டையே போட்டதில்லை என்று
அலுவலகத்தில் சொல்லிக்கொள்வேன்.

"ஒடையலையே? சனி ஞாயிறு கூட்டம் வரும்,
எதை வெச்சு ரோட்டை மூடச் சொல்றே?"
ஒட்டலை சார், என்றேன்.
போனில் கொஞ்ச நேரம்
அவர் பக்கத்து மழையும் என் பக்கத்து மழையும்.

பஸ்ஸெல்லாம் குப்பனூர் வழியாகத் திரும்பின.
மிளகு மூட்டைக்காரர் ஒருவர் என் உத்தியோகத்தைத் திட்டினார்.
தடுப்பைத் தாண்டி வந்த தேனிலவு ஜோடி
விரிசலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படமெடுத்தது;
அங்காயி கம்பியோடு போனதும் ஓடியது.

இரண்டாவது கண்ணாடிக்கு முன்
கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினேன்.
வழவழப்பில் எதுவும் பிடிக்காது.
பிசினைக் காயவிட்டு, தீப்பெட்டியளவு தார்ப்பாய் போர்த்தி,
தேதி கீறினேன்.

மூன்றாம் இரவு, மூன்றரை மணி.
காவலுக்கு இருந்த ஜேசிபி தீர்த்தகிரி கூப்பிட்டான்.
"மேடம், டக்குனு ஒரு சத்தம். சின்னதாத்தான்.
டார்ச் அடிச்சுப் பாத்தேன், ரெண்டா இருக்கு."
ரோட்டில் யாரும் இல்லையே?
"நாய்கூட இல்ல."

அஸ்தம்பட்டி வீட்டில் இருட்டு.
சாவியை எடுத்தேன். சட்டையை மாட்டினேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான் அவன்,
கட்டிலின் அந்த ஓரத்தில், அசையாமல்.
ஜீப் வரப் பத்து நிமிடமாகும்.

விளக்கைப் போட்டேன்.